குடியும் குடித்தனமும்: போதைநோய்ச் சிகிச்சையில் தம்பதியர் இடம்பெறாத வரலாறு

தமிழில் 'குடி' என்று எழுதப்படும் சொற்கள் இரண்டு உள. ஒன்று பருகுதலைக் குறிக்கும் வினையடி. மற்றொன்று வீட்டையும் குடும்பத்தையும் மரபையும் குறிக்கும் பெயர்ச்சொல். குடித்தனம், குடியிருப்பு, குடியேற்றம், குடிமகன் ஆகியன இரண்டாவதிலிருந்து கிளைத்தவை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தந்திருக்கிறது. ஒலி ஒன்றாயினும் வேர் வேறு. ஆயினும், 'குடி குடியைக் கெடுக்கும்' என்று சொன்ன நம் மக்கள், அகராதி பிரித்து வைத்ததை வாழ்க்கையில் சேர்த்தே கண்டனர்.

இப்பழமொழியின் செயப்படுபொருளை நோக்குக. குடி குடிப்பவனைக் கெடுக்கும் என்று அது கூறவில்லை. குடியைக் கெடுக்கும் என்றது. கேட்டினைத் தனி ஆளின்மேல் வைக்காமல் குடும்பத்தின்மேல் வைத்தது. ஆனால் கடந்த நூறாண்டுகளுக்கு மேலாகப் பினாங்கிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வந்த மருத்துவம், சட்டம், சமூகச் சீர்திருத்தம் ஆகிய மூன்றும் போதைக்கு ஆளானவரைத் தனி ஆளாகவே கண்டன. கணவனும் மனைவியும் ஒருங்கே நோயுற்றபோதும், ஒருவர் நோயுற்று மற்றவர் அதைச் சுமந்தபோதும், இருவரும் சேர்ந்து நுழையக்கூடிய வாயில் பெரும்பாலும் இருந்ததில்லை. இதன் வரலாற்றையும், இதற்கு நம் மொழிவழக்கு எவ்வாறு துணைபோயிற்று என்பதையும் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

1. சொற்கள் கூறும் சான்று

முதற்கண் சொற்களைப் பார்ப்போம். கள், நறவு, தேறல், தோப்பி எனச் சங்க இலக்கியத்தில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு. அதியமானும் ஔவையாரும் கள்ளைப் பகிர்ந்துகொண்ட செய்தியைப் புறநானூறு படித்தோர் அறிவர். பெண் மது அருந்துவது அக்காலப் புலவர்க்கு மறைக்கத்தக்க செய்தியாகத் தோன்றவில்லை. பின்வந்த திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையைப் பற்றியது. அதன் பத்துக் குறட்பாக்களில் பெற்ற தாய் வருகிறாள், சான்றோர் வருகின்றனர், உள்ளூரார் வருகின்றனர், நாணம் ஒரு நல்ல பெண்ணாக உருவகிக்கப்பட்டுப் புறங்காட்டிச் செல்கிறாள். கள்ளுண்பவனின் மனைவி அவ்வதிகாரத்தில் எங்கும் இல்லை. அறநூலைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. குடியால் நாள்தோறும் துயருறுபவர் நம் அறச்சொல்லாடலில் பெயரின்றி நின்றமைக்கு இது ஒரு பழஞ்சான்று.

இக்கால வழக்கிற்கு வருவோம். 'குடிகாரன்' என்ற சொல் ஊர்தோறும் வழங்குகிறது. 'குடிகாரி' என்பது இலக்கணப்படி அமையும் சொல்லே. ஆயினும் அது வசையாகவன்றி வேறெவ்வகையிலும் ஒலிப்பதில்லை. குடிகாரனைப் பற்றி இரக்கத்தோடு பேச முடியும். அவனைத் திருத்த வேண்டும் என்றும் பேச முடியும். குடிகாரி என்ற சொல்லோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது. குடிகாரனின் மனைவிக்கோ 'பாவம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் கிடைக்கிறது.

அடுத்து 'அடிமை' என்னும் சொல். போதைக்கு அடிமையானவர் என்று நாளேடுகளும் அரசு அறிக்கைகளும் எழுதுகின்றன. இதற்கு நேரான ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும், கடனுக்காக மற்றொருவரிடம் ஒப்படைக்கப்பட்ட மனிதரையே குறித்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவரின் வழித்தோன்றல்கள் இச்சொல்லைத் தம்மீது சுமத்திக்கொள்ளும்போது, நோயின் பொருளைவிட இழிவின் பொருளே மேலோங்குகிறது. மலாய் மொழியில் போதைப்பொருளைக் குறிக்கும் 'டாடா' என்ற சொல் முன்பு மருந்துப் பூண்டுகளைக் குறித்தது என்பதும் நினைக்கத்தக்கது. மருந்தின் பெயர் நஞ்சின் பெயராக மாறலாம் எனின், அடிமை என்ற சொல்லுக்கு மாற்றாக நோயாளர் என்ற சொல்லும் நிலைபெறலாம். தமிழ்நாட்டுச் சிகிச்சை நிலையங்களில் 'குடிநோய்', 'குடிநோயாளி' என்னும் சொற்கள் வழங்கிவருகின்றன. நம் நாட்டில் அவை இன்னும் வேரூன்றவில்லை.

2. அபினும் கள்ளும்

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபின், அபின் விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விடுவது அரசின் வருவாய்க்கு முதன்மையான வழிகளுள் ஒன்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. 1910இல் குத்தகை முறை நீங்கி அரசே அவ்வணிகத்தை ஏற்று நடத்தியது. ஒருவனை நோயாளி என்று கொள்வதா, வாடிக்கையாளன் என்று கொள்வதா என்ற கேள்விக்கு அன்றைய அரசு இரண்டாவதையே விடையாகக் கொண்டது.

அக்காலத்தில் அவனை நோயாளியாகக் கண்டவர்களும் பினாங்கில் இருந்தனர். இங்குப் பிறந்து, பின்னாளில் மஞ்சூரியாவின் கொள்ளைநோயை அடக்கிய புகழ்பெற்ற மருத்துவர் வூ லியன் தே, பினாங்கு அபின் எதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றார். அவ்வியக்கம் பெரும்பாலும் சீனச் சமூகத்தைச் சார்ந்தது. அபின் புகைப்போருள் பெரும்பாலோர் குடும்பத்தைத் தாய்நாட்டில் விட்டுத் தனியே வந்த ஆண்கள். ஆகவே, சிகிச்சை பெறுபவன் தனி ஆண் என்ற எண்ணம் அன்றே இயல்பானதாகத் தோன்றியிருக்கும்.

தமிழர் நிலை இதனின்றும் சற்று வேறுபட்டது. அவர்களுள்ளும் ஆண்களே மிகுதி. 1920களிலும் மலாயா இந்தியருள் பெண்களின் தொகை ஆண்களின் தொகையில் பாதியை எட்டவில்லை. ஆயினும் கங்காணி முறையில் கணவனும் மனைவியுமாக வந்தோர் பலர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, இருவரும் ஒரே தோட்டத்தில் பேர் பதிந்து, ஒரே பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் நின்றனர். 1920களின் இறுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எனவே தோட்டக் கணக்கேட்டில் கணவனும் மனைவியும் இருவேறு கூலியாட்கள். லயத்தில் அவர்கள் ஒரு குடித்தனம். பிற்காலத்துச் சிகிச்சையின் குறை இந்த இரட்டை நிலையிலேயே கருக்கொண்டது எனலாம்.

தோட்டத்தில் கள்ளுக்கடை உரிமம் பெற்று நடந்தது. அதன் ஆதாயம் ஒரு நிதியாகச் சேர்க்கப்பட்டுத் தொழிலாளர் நலனுக்கெனச் செலவிடப்படும் வழக்கமும் இருந்தது. ஒருவன் மிகுதியாகக் குடிக்குமளவுக்கு அந்நிதி வளரும். குடியைக் குறைக்க முயலும் எவரும் அந்நிதியையும் குறைக்கவேண்டியவராவர். தோட்ட மருத்துவமனை மலேரியாவையும் வயிற்றுப்போக்கையும் காயங்களையும் கவனித்தது. குடிப்பழக்கத்தைத் தனி நோயாகக் கருதி, அதற்கெனக் கணவனையும் மனைவியையும் அழைத்துப் பேசும் ஏற்பாடு அங்கு இல்லை. கள்ளுக்கடை லயத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்தது. குடிநோய்க்கான மருத்துவமோ தோட்டத்தில் எங்கும் இல்லை.

3. மறியலும் அதன் எல்லையும்

இதனைத் தமிழர் வாய்மூடி ஏற்றனர் என்று எண்ணுதல் தவறு. 1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கம் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. குடிப்பவர்களே குடிக்கும் இடத்தை மூடுங்கள் என்று கேட்ட அச்செயல், நம் சமூக வரலாற்றில் போற்றத்தக்க இடத்தைப் பெறவேண்டும்.

போருக்குப் பின் கெடா மாநிலத்தில், பினாங்கு நிலப்பகுதிக்கு வடக்கே சுங்கை பட்டாணியைச் சூழ்ந்த தோட்டங்களில், ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்தனர், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது. தொழிலாளர் உயிரிழப்பும் நேர்ந்தது. பலர் சிறை சென்றனர்.

இம்மறியல்களின் பெருமையைக் குறைக்காமல் ஒன்று கூறவேண்டும். மறியல் கடையை மூடும், கைந்நடுக்கத்தை நிறுத்தாது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்த உடல் திடீரென்று மதுவை இழந்தால் நடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றும்; உயிருக்கே ஆபத்தும் நேரலாம். அத்தகையவருக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். அதன்பின் பழைய வீட்டில் புதிய முறையில் வாழக் கற்றுக்கொள்ளவும் வேண்டும். சீர்திருத்த இயக்கம் குடியை ஒழுக்கக்கேடாகவும் காலனியச் சுரண்டலின் கருவியாகவும் சரியாகவே கண்டது. நோயாகக் காணும் அறிவு அன்று உலகெங்கும் இளம்பருவத்தில் இருந்தது. அமெரிக்காவில் குடிநோயாளர் தம்முள் கூடி உதவிக்கொள்ளும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் 1935இல்தான் தொடங்கியது. அவர்களுடைய மனைவியரும் உறவினரும் தமக்கென 'அல்-அனான்' என்ற அமைப்பைக் காண 1951ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அங்கும் கணவர் ஓர் அறையிலும் மனைவி மற்றோர் அறையிலுமே அமர்ந்தனர்.

4. ஒரு வீட்டின் கதை

இவ்விடத்தில் என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவதற்கு அவையோர் இசைவு தரவேண்டும். நான் 1950களின் இறுதியில் செபராங் பிறையின் தென்பகுதியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். என் தந்தையாரின் தங்கையும் அவர் கணவரும் அதே லயத்தில் நான்கு வீடு தள்ளி வாழ்ந்தனர். இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர். மாமா குடிப்பார் என்பது தோட்டம் முழுவதும் அறிந்த செய்தி. அத்தையும் குடிப்பார் என்பது எங்கள் வீட்டார் மட்டும் அறிந்த செய்தி. உடல்வலி தீர மாமாவின் குவளையிலிருந்து சிறிது எடுத்துக்கொண்டதே தொடக்கம் என்று என் தாயார் பின்னாளில் சொன்னார். கள்ளிலிருந்து இருவரும் சம்சுவுக்கு மாறினர்.

நான் இடைநிலைப்பள்ளியில் பயின்ற காலத்தில், தோட்டத்துப் பெரிய கிராணியின் முயற்சியால் மாமா ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஐந்து வாரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு திரும்பினார். என் தந்தையார் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று சத்தியம் வாங்கினார். அந்த ஐந்து வாரத்தில் அத்தையிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. எங்கள் வீட்டாரும் மானத்துக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. மாமா திரும்பிய வீட்டில் புட்டி அடுப்புக்குப் பின்னால் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் மீண்டும் குடித்தார். 'அவன் திருந்தாத ஜென்மம்' என்று தோட்டமே கூறியது. நான்கு ஆண்டுக்குப்பின் அத்தை இறந்தபோது மஞ்சள் காமாலை என்றனர். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று.

அன்று மாமாவுக்குச் சிகிச்சை கிடைத்தது. அந்தக் குடித்தனத்துக்குக் கிடைக்கவில்லை. அவர் மன உறுதியற்றவர் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பாதி நோயை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு மறுபாதியை லயத்தில் வைத்திருந்தோம் என்பது மிகப் பிற்பட்டே எனக்கு விளங்கியது.

5. சட்டத்தின் காலம்

1970களில் ஹெராயின் பரவியபோது கள்ளும் சம்சுவும் பின்தள்ளப்பட்டுப் போதைப்பொருளே நாட்டின் கவலையாயிற்று. 1976இல் பெமாடாம் என்னும் தேசியப் போதைப்பொருள் தடுப்புச் சங்கம் அமைந்தது. 1983 பிப்ரவரியில் போதைப்பொருள் நாட்டின் முதல் எதிரி என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டில் போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுநீர்ச் சோதனையில் உறுதிசெய்யப்பட்டவரை நீதிமன்ற ஆணையின்பேரில் ஈராண்டு மறுவாழ்வு நிலையத்தில் வைக்கவும், பின்னர் ஈராண்டு கண்காணிக்கவும் அது வழிவகுத்தது. தாமே முன்வந்து சிகிச்சை கேட்பதற்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, போதைப்பொருளைத் தாமே உட்கொள்வதும் குற்றமாகவே இருந்தது. உதவி கேட்கச் செல்லும் வழியும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழியும் ஒன்றாகவே மக்களுக்குத் தோன்றின.

இச்சட்டம் தம்பதியரை எவ்வாறு தாக்கியது என்று எண்ணிப் பாருங்கள். கணவர் பிடிபட்டால் வீட்டின் வருமானம் ஈராண்டுக்கு நின்றுபோகும். மனைவியும் பயன்படுத்துபவர் எனின், அவரைப் பார்க்கப் போவதற்கே அஞ்சுவார். மனைவி பிடிபட்டால் நிலைமை இன்னும் கடினம். பெண்களுக்கான அரசு மறுவாழ்வு நிலையம் என நெடுங்காலம் முதன்மையாக அறியப்பட்டது கிளந்தான் மாநிலத்தின் பாச்சோக்கில் இருந்தது. பினாங்கிலிருந்து அது தீபகற்பத்தின் மறுகரை. பட்டர்வொர்த்தில் கூலிவேலை செய்யும் கணவர், பிள்ளைகளோடு அவ்வளவு தொலைவு சென்று மனைவியைப் பார்த்துத் திரும்புவதற்கு எத்தனை நாள் கூலியை இழப்பார்? பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காத தாய், தாமாக முன்வந்து எந்த வாயிலையும் தட்டமாட்டார்.

இக்காலத்தில் பினாங்கு, அறிவுத்துறையில் ஒரு பெரும்பணி செய்தது. இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி. நவரத்தினம் வளர்த்த போதைப்பொருள் ஆய்வு மையம் உலக அளவில் மதிக்கப்பட்டது. பின்னர் பேராசிரியர் பா. விக்னசிங்கம் போன்றோர் அப்பணியைத் தொடர்ந்தனர். 2005இல் மெத்தடோன் சிகிச்சை முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. 2006இல் ஊசி மாற்றுத் திட்டம் தொடங்கியபோது, முன்னோடி இடங்களுள் பினாங்கும் ஒன்று. இம்மாற்றம் தம்பதியருக்கு ஒரு சிறு கதவைத் திறந்தது. மெத்தடோன் பெறுவோர் வீட்டிலிருந்தே மருத்துவமனைக்கு வந்து மருந்து உட்கொண்டு வேலைக்குச் செல்லலாம். கணவனும் மனைவியும் ஒரே காலையில் ஒரே வரிசையில் நிற்க இயலும்.

ஆயினும் மெத்தடோன் அபின்வகைப் பொருளுக்கு மட்டுமே மருந்தாகும். சம்சு குடிப்பவருக்கும் சியாபு பயன்படுத்துபவருக்கும் அது உதவாது. நம்மவரிடையே மலிவான சம்சு விளைத்த கேட்டைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களின் தலைமையில், பல்லாண்டுகள் எடுத்துரைத்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயத்தை விட்டுச் சிறிய அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் கோயிலையும் உறவையும் இழந்தன, புட்டியை இழக்கவில்லை.

1990களின் நடுவில் ஒரு மறுவாழ்வு இல்லத்தார் தம் சேர்க்கைப் படிவத்தைத் தமிழாக்கித் தருமாறு என்னைக் கேட்டனர். அவ்வில்லத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நல்ல மனமுடையோர் நடத்தியது. பல பக்கங்கள் கொண்ட அப்படிவத்தில் 'மனைவி' என்ற சொல் ஓரிடத்தில் மட்டுமே வந்தது. நோயாளரைப் பற்றித் தகவல் தருபவர் யார் என்னும் வினாவின்கீழ், தாய், தமையன், முதலாளி ஆகியோருடன் மனைவியும் ஒரு தெரிவாக இருந்தார். மனைவிக்கும் இப்பழக்கம் இருந்தால் எங்கே குறிப்பது என்று கேட்டேன். 'அதற்கு வேறு இல்லம், ஐயா; எங்கே என்று எங்களுக்குத் தெரியாது' என்றார் அலுவலர். நானும் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரு வரி சேர்க்கலாமே என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. என் அத்தையின் நினைவு அன்று வராமற்போனது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

6. மஞ்சக்குடியில் கண்ட வழி

வேறு வழி உண்டா என்று கேட்பவர்க்கு, நம் முன்னோர் கப்பலேறிய அதே சோழநாட்டுப் பகுதியிலிருந்து ஒரு விடை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், தம் இளம் கணவரைக் குடிநோய்க்கு இழந்தார். அவர் நினைவாக 1980இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். குடிநோய்ச் சிகிச்சைக்கென இந்தியாவில் முன்னோடியாக எழுந்த அந்நிலையத்தில், நோயாளருக்குச் சிகிச்சை நடக்கும் காலத்திலேயே மனைவியருக்கும் தனி வகுப்புகளும் ஆலோசனையும் அமைந்தன. மனைவி அங்குத் தகவல் தருபவர் அல்லர். தாமும் நலம்பெற வேண்டியவர். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நகரத்துக்கு வர இயலாத ஏழைகளுக்காக, 1980களின் இறுதியிலிருந்து அவ்வறக்கட்டளை சிற்றூர்களில் முகாம்கள் நடத்தியது. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி அவற்றுள் புகழ்பெற்றது. உள்ளூர் அறநிலையம் இடம் தந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளர்கள் ஊரிலேயே தங்கிச் சிகிச்சை பெற்றனர். மனைவியரும் அழைக்கப்பட்டனர். முகாம் முடிந்தபின் பணியாளர்கள் மாதந்தோறும் வந்து தொடர் கவனிப்பு அளித்தனர். சிகிச்சைக்குப் போக வேண்டிய தொலைவு, கூலி இழப்பு, அயல்மொழி, ஊரார் ஏளனம் ஆகிய நான்கு தடைகளையும் அந்த ஒரே ஏற்பாடு தணித்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அத்தகைய முகாம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

மேலைநாட்டு ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. அமெரிக்காவில் திமோத்தி ஓ ஃபாரல் முதலிய உளவியலார் 1970களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்த தம்பதியர் சிகிச்சையில் ஓர் எளிய நாள்வழக்கம் உண்டு. குடிநோயாளர் ஒவ்வொரு நாளும் தம் துணைவரிடம், இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பேன் என்று கூறுவார். துணைவர் நேற்றைய முயற்சிக்கு நன்றி சொல்லித் தம் ஆதரவைத் தெரிவிப்பார். மருத்துவர் தந்த மாத்திரையை இருவர் முன்னிலையில் உட்கொள்வதும் உண்டு. பழைய குற்றங்களையோ நாளைய அச்சங்களையோ அந்நேரத்தில் பேசலாகாது. அவற்றை ஆலோசகர் முன்பே பேசவேண்டும். தனி ஆளுக்கு மட்டும் அளிக்கும் ஆலோசனையைவிட இம்முறையில் குடிநாட்கள் குறைவதும் இல்லறம் சீர்படுவதும் பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டன.

இதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கடும் அடி உதை உள்ள வீட்டில் கணவனையும் மனைவியையும் ஓரறையில் அமர்த்துவது பெண்ணை ஆபத்தில் தள்ளுவதாகும். அங்கு முதலில் வேண்டியது அவர் பாதுகாப்பு. இருவரும் ஒருங்கே பயன்படுத்துபவராக இருந்து, ஒருவர் மட்டும் விட விரும்பினால் இம்முறை வெற்றிபெறுவது அரிது. இருவரும் ஒரே காலத்தில் விட விரும்பினால், அந்தக் காலம் நழுவுவதற்குள் இருவருக்கும் இடம் கிடைக்கவேண்டும். என் அத்தைக்கும் மாமாவுக்கும் தேவைப்பட்டது அதுவே.

7. மொழி மன்றம் செய்யத்தக்கது

ஒரு மொழியியலாளன் மருத்துவருக்கும் சட்டமியற்றுவோர்க்கும் அறிவுரை கூறுதல் மிகையாகும். எனினும் நம் கைக்கு எட்டிய பணிகள் மூன்று உண்டு.

முதலாவது, சொல். அடிமை என்பதை விடுத்துக் குடிநோயாளர், போதைநோயாளர் என்று எழுதுவோம். இச்சொற்கள் ஆண்பால் பெண்பால் காட்டாத பலர்பால் வடிவின. ஒருமைக்கும் மதிப்புப் பொருளில் இவை பொருந்தும். கணவனுக்கும் மனைவிக்கும் ஒருங்கே பொருந்தும். குடிகாரி என்று சொல்ல நா எழாத இடத்திலும் குடிநோயாளர் என்று சொல்லலாம். பெயர் உள்ள நோய்க்கே மருந்து கேட்க முடியும்.

இரண்டாவது, படிவம். தமிழரிடையே பணிபுரியும் இல்லங்களும் மருந்தகங்களும் பயன்படுத்தத்தக்க ஒரு தமிழ்ச் சேர்க்கைப் படிவத்தை மருத்துவரின் துணையோடு நாம் உருவாக்கலாம். அதில் துணைவரைப் பற்றி மூன்று வினாக்கள் போதும். அவருக்கும் இப்பழக்கம் உண்டா? வீட்டில் அவருக்கு அச்சம் உண்டா? அவரும் உதவி பெற விரும்புகிறாரா? மூன்றையும் அவரிடம் தனியே கேட்கவேண்டும் என்பதையும் படிவமே கூறவேண்டும். முப்பது ஆண்டுக்குமுன் நான் சேர்க்கத் தவறிய வரி இது.

மூன்றாவது, நினைவு. மறியல் செய்தவர்களின் வரலாறு ஓரளவேனும் எழுதப்பட்டிருக்கிறது. லயத்து வீடுகளுக்குள் நிகழ்ந்தது எழுதப்படவில்லை. எழுபது, எண்பது வயதைக் கடந்த தோட்டப்புறத்துப் பெண்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். பெயர் மறைத்து, அவர்தம் இசைவு பெற்று, அவர்கள் சொற்களிலேயே அவ்வரலாற்றைப் பதிவுசெய்யும் கடமை தமிழ் படித்த மாணவர்களுக்கு உண்டு. குவளையைக் குறிக்க, ஒளித்துவைத்தலைக் குறிக்க, பொறுத்துக்கொண்டதைக் குறிக்க, அகராதி அறியாத சொற்கள் அவர்களிடம் இருக்கும்.

குடி கெடுக்கும் என்று நம் பழமொழி கூறியது குடித்தனத்தை. மீட்கப்பட வேண்டியதும் அதுவே. அடுத்த முறை ஒரு வீட்டின் தலைவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல நம்மில் ஒருவர் துணைபோகும்போது, வாசலில் நிற்கும் அம்மையாரிடம் 'நீங்கள் நலமா?' என்று கேட்டு, அவர் விடை சொல்லும்வரை காத்திருப்போமாக.